நிலா வெளிச்சத்தில் பார்த்த முகத்தை நம்பலாமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போயிருந்த ஒரு ராத்திரி, மாடிப்படியேறி வந்த உங்கள் சித்தப்பா மொபைல் டார்ச்சை வயிற்றுக்கு நேராகப் பிடித்திருந்தார். வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடித்ததில் இரண்டு மூன்று நொடிக்கு அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கும் முகம்! அதே வாரத்தில், "நிலா வெளிச்சத்தில் அந்த ஆளைப் பார்த்தேன்" என்று ஒரு கொலை வழக்கில் சாட்சி சொன்ன செய்தியையும் படித்திருக்கிறீர்கள். டார்ச் வெளிச்சத்தில் சொந்தச் சித்தப்பாவையே தெரியாமல் போகும்போது, நிலவில் பார்த்த முகத்தை எப்படி நம்புவது என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன. சித்தப்பா முகத்தில் வெளிச்சம் தாராளமாகவே இருந்தது, அது வந்த திசைதான் வழக்கத்துக்கு மாறானது. சாட்சியின் கதையில் வெளிச்சத்தின் அளவே சொற்பம். கண்ணுக்கு இவை வேறு வேறு தொல்லைகள். இரண்டுக்கும் அடியில் நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: பார்த்த ஆள் முன்பே பழக்கமானவரா, இல்லையா? நிலா, டார்ச் எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்கான பதில்தான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. நான் ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனைப் படிப்பு) மாணவர்களுக்குப் பார்வைப் புலனறிவு பாடம் எடுப்பவன். அதற்கு முன் அப்பாவின் போட்டோ ஸ்டூடியோவில் வளர்ந்தவன். வக்கீல் அல்ல. சட்டத்தைப் பற்றிச் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவில் தொடங்குவோம். முகம் ஒரு மேடுபள்ளமான பரப்பு. அதன் மேடுபள்ளம் நமக்குத் தெரிவது பெரும்பாலும் நிழலை வைத்துத்தான். சூரியன் மேலே, நிலா மேலே, கூரையில் தொங்கும் பல்பும் மேலே. ஆகவே மூளை எதையும் விசாரிக்காமலே வெளிச்சம் மேலிருந்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. நிலாப் பரப்பில் உள்ள பள்ளங்களின் புகைப்படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பள்ளமெல்லாம் கொப்புளங்களாக எழும்பி நிற்கும். படம் மாறவில்லை. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்ற அந்த முன்முடிவை மூளை விடவில்லை, அதனால் பள்ளத்தை மேடாக்கிவிட்டது.

முகத்திலும் இப்படித்தான். மேலிருந்து ஒளி விழும்போது நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பின் மேல்பக்கம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். கண்குழி, மூக்குக்கு அடி, கீழுதட்டுக்கு அடி, தாடைக்குக் கீழ் எல்லாம் நிழல். நாம் வாழ்நாள் முழுக்கப் பார்த்த முகங்கள் பெரும்பாலும் இந்த வடிவில்தான். டார்ச்சைக் கீழே பிடித்ததும் கணக்கு புரண்டுவிடுகிறது. மூக்குத் துவாரங்களும் மேலிமையின் அடிப்பக்கமும் தாடையின் அடியும் ஒளிர, வழக்கமாக வெளிச்சம் ஏறும் இடமெல்லாம் மங்கிப்போகிறது. தாடைக்குக் கீழே டார்ச் பிடித்துப் பேய்க்கதை சொல்லும் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1992-இல் ஜான்ஸ்டன், ஹில், கார்மன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று. முகப்படத்தைத் தலைகீழாக வைத்தால் அடையாளம் காண்பது மிகவும் கடினமாகும் என்பது பழைய செய்தி. இவர்கள் கீழிருந்து ஒளியூட்டிய முகங்களில் அந்த வித்தியாசம் சுருங்கியோ மறைந்தோ போவதைக் கண்டார்கள். நேராக வைத்த முகத்துக்கு இருந்த அனுகூலத்தைக் கீழொளியே தின்றுவிட்டது என்று அர்த்தம். 1996-இல் ஹில்லும் விக்கி புரூஸும் இன்னொன்றைக் காட்டினார்கள். இரண்டு படங்களில் இருப்பது ஒரே முகமா என்று ஒப்பிடும்போது, இரண்டும் மேலொளியில் இருந்தால் வேலை எளிது. ஒன்றுக்கு மேலிருந்தும் மற்றொன்றுக்குக் கீழிருந்தும் ஒளி வந்தால் தடுமாற்றம்.

அப்பாவின் இருட்டறையில் இதற்கு ஒரு தாயாதியைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன். டிஜிட்டல் வருவதற்கு முன் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வார்கள், தழும்பு, சுருக்கம் எல்லாம் அங்கேயே சரியாகிவிடும். வருடக்கணக்கில் அந்த வேலை செய்தவருக்கும் நெகட்டிவைப் பார்த்ததும் ஆளைச் சொல்ல வராது. உறையில் எழுதிய எண்ணைத்தான் நம்புவார். ஒருமுறை அப்பாவின் நெகட்டிவையே அவரிடம் நீட்டினேன், "யார் இந்தப் பெரியவர்?" என்றார். நெகட்டிவில் முகத்தின் ஓரங்கள், அளவுகள், கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள இடைவெளி எதுவும் மாறுவதில்லை. வெளுப்பும் கறுப்பும் மட்டுமே இடம் மாறுகின்றன. ஆனாலும் முகம் தொலைந்துபோகிறது. முகத்தைக் கோட்டோவியம்போல நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதற்கு இதைவிட எளிய அத்தாட்சி வேண்டாம்.

இதுவரை சொன்னதில் சந்தேகமில்லை. ஏன் இப்படி என்று கேட்டால்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். நிழலிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் வேலை கெட்டுப்போகிறது என்பது ஒரு கட்சி. தோலின் நிறம், புருவத்தின் கருமை, உதட்டின் சிவப்பு போன்ற மேற்பரப்பின் சாயல்தான் முக்கியம், அது புரளும்போதுதான் நாம் தடுமாறுகிறோம் என்பது மற்றக் கட்சி. நெகட்டிவில் இரண்டும் சேர்ந்தே புரள்வதால் எது குற்றவாளி என்று பிரிப்பது சிரமம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் பவன் சின்ஹாவும் சகாக்களும் 2009-இல் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார்கள். பிரபலங்களின் படங்களை நெகட்டிவாக்கி, கண்பகுதியை மட்டும் பாசிட்டிவாக விட்டுவைத்தார்கள். முகத்தின் மற்ற இடமெல்லாம் புரண்டிருந்தும், தொலைந்த அடையாளம் பெருமளவு திரும்பிவந்தது. எப்படிப்பட்ட சாதாரண வெளிச்சத்திலும் கண்பகுதி நெற்றியையும் கன்னத்தையும்விட இருட்டாக இருக்கும். இந்த ஒப்பீட்டு வரிசையை மூளை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் வாதம். டார்ச்சின் கீழொளி கண்குழிக்குள் நேராகப் பாய்ந்து அந்த வரிசையைக் கலைத்துவிடுவதாலேயே சித்தப்பா அந்நியரானார் என்று நான் நினைக்கிறேன். அது என் ஊகம், நிரூபணம் அல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு மூன்று நொடியில் அவரைத் தெரிந்துவிட்டது. டார்ச் இடம் மாறியதாகவோ வெளிச்சம் கூடியதாகவோ நீங்கள் எழுதவில்லை. அதே மோசமான ஒளியில், அதே கோணத்தில் உங்கள் மூளை முடிச்சை அவிழ்த்துவிட்டது. உண்மையில் பார்த்தால் இது பெரிய சாதனை. 1990-களில் மோசஸ், அடினி, உல்மன் ஆகியோர் முகப்படங்களைக் கணினியில் அளந்து பார்த்தார்கள். ஒரே ஆளை இரண்டு வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களுக்கு இடையிலான வேறுபாடு, ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு வெவ்வேறு ஆட்களின் படங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருந்தது. விழித்திரையில் விழும் பிம்பத்தை மட்டும் நம்பினால் காலையில் பார்த்த மனைவியும் மாலையில் பார்த்த மனைவியும் இரண்டு பேர். அப்படி நமக்குத் தோன்றாததற்குக் காரணம், தெரிந்த முகத்தை ஆயிரம் வெளிச்சத்தில் பார்த்து அதன் மாறுபாடுகளையும் சேர்த்தே கற்றுவைத்திருக்கிறோம்.

அந்நிய முகத்துக்கு இந்தச் சேமிப்பு கிடையாது. இது எவ்வளவு பெரிய இடைவெளி என்று பலருக்குத் தெரிவதில்லை. 1999-இல் புரூஸும் குழுவினரும் ஒரு முகத்தைக் காட்டி, கீழே உள்ள 10 முகங்களில் அவர் யார் என்று கேட்டார்கள். நல்ல தரமான படங்கள், ஒரே நாளில் எடுத்தவை, நினைவில் வைத்துக்கொள்ளவும் தேவையில்லை, கண்முன்னே ஒப்பிட்டால் போதும். சரியாகச் சொன்னது சுமார் 70 சதவீதம். 2011-இல் ஜென்கின்ஸும் சகாக்களும் இரண்டு டச்சுப் பிரபலங்களின் 20, 20 படங்களைக் கலந்து, மொத்தம் 40 படங்களையும் ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்களைத் தெரியாத பிரிட்டன்காரர்கள் சராசரியாக ஏழெட்டு ஆட்களாகப் பிரித்தார்கள். நெதர்லாந்துக்காரர்கள் சிரமமே இல்லாமல் இரண்டாகப் பிரித்தார்கள். படத்துக்குப் படம் வெளிச்சம், கோணம், முகபாவம், முடி எல்லாம் மாறியிருந்தன, ஆகவே பழியெல்லாம் வெளிச்சத்துக்கு இல்லை. ஆனால் பாடம் தெளிவு: பழகிய முகத்தை எந்த ஒளியிலும் கண்டுபிடிக்கும் திறமையை வைத்து, அந்நியரையும் அப்படியே கண்டுபிடித்துவிடுவோம் என்று நாம் நம்மைப் பற்றித் தப்புக்கணக்குப் போடுகிறோம்.

இனி நிலா. ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை ஒளி இருக்கும், அலுவலக மேசையில் 300 முதல் 500, பௌர்ணமி நிலா உச்சியில் நிற்கும்போது தரையில் 0.1 முதல் 0.3. அந்த ஒளியில், நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் விழித்திரையின் கூம்பு செல்கள் ஏறக்குறைய ஓய்ந்துவிடும், மங்கல் ஒளிக்கான குச்சி செல்கள்தான் வேலை செய்யும். முகத்தின் நுணுக்கத்தைப் படிக்க நாம் விழித்திரையின் எந்த மையப்புள்ளியை அதன்மேல் நிறுத்துகிறோமோ, அந்தப் புள்ளியில் குச்சி செல்களே இல்லை என்பதுதான் சிக்கல். மங்கலான நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் மறைந்து, சற்று விலகிப் பார்த்தால் தெரிவது இதனால்தான். நிலவில் ஒரு முகத்தை உற்றுப் பார்க்கப் பார்க்க அது கரையும். நிறமும் போய்விடும். சிவப்பு கறுத்துவிடும், குங்குமப் பொட்டும் கருப்பு ஸ்டிக்கர் பொட்டும் நிலவில் ஒன்றுபோல இருக்கும். "சிவப்புச் சட்டை போட்டிருந்தான்" என்று நிலவொளிச் சாட்சி ஒருவர் சொன்னால், அந்தச் சட்டையை அவர் வேறு எங்கோ பார்த்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாவது ஆகும். டியூப்லைட் எரியும் அறையிலிருந்து சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தவரின் கண்ணும், திண்ணையில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தவரின் கண்ணும் ஒன்றல்ல. நடுவில் யாராவது மொபைல் திரையைப் பார்த்திருந்தால் பழகியதெல்லாம் பாழ். வயதும் உண்டு. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் ஒளி, 20 வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு என்று சுமாராகச் சொல்வார்கள். மாலைக்கண் நோய் இருந்தால் பேச்சே இல்லை.

நெதர்லாந்தில் வாகனாரும் வான் டெர் ஷ்ரீரும் நீதிமன்றப் பயன்பாட்டுக்கென்றே தூரத்தையும் வெளிச்சத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்து, 1996-இல் ஓர் உத்தேசக் கணக்கைத் தந்தார்கள்: 15 மீட்டருக்குள், 15 லக்ஸுக்கு மேல். இதைத் தாண்டினால் அடையாளத்தை நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். பௌர்ணமியின் 0.3 லக்ஸ் அந்த எல்லையில் 50-இல் ஒரு பங்கு. ஆனால் இதைச் சட்டம்போலப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அது அந்நிய முகங்களுக்குப் போட்ட கணக்கு. மேலும் 15 லக்ஸ் எங்கே விழுந்தது என்பதும் பெரிய கேள்வி. தெருவிளக்கின் அளவைச் சாலையில் மீட்டரைப் படுக்க வைத்து எடுப்பார்கள், முகமோ செங்குத்தாக நிற்கிறது. கம்பத்துக்கு நேர் கீழே நிற்பவரின் காலடியில் வெளிச்சம் கொட்டும், கண்குழி இரண்டும் கருங்குழியாக இருக்கும். கம்பம் அவருக்குப் பின்னால் இருந்தால் வெறும் நிழலுருவம்தான் மிஞ்சும். அதனால்தான் விளக்குப் பொறியாளர்கள் முகத்துக்கென்று அரையுருளை வடிவ அளவு ஒன்றை வைத்திருக்கிறார்கள். எதிரே வருபவரை 4 மீட்டரில் கண்டுகொள்ள, முகத்தில் சுமார் 0.8 லக்ஸாவது விழவேண்டும் என்று 1980-இல் காமினாடாவும் வான் பொம்மலும் சொன்னது இன்றுவரை மேற்கோளாகிறது. நல்ல பௌர்ணமிகூட அதை எட்டுவதில்லை.

நம் நாட்டு நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்த்தன என்பதில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம், டியூப்லைட்டுக்குப் பழகிய நகரத்தாரின் பார்வையை வைத்துக் கிராமத்தாரை அளக்கக் கூடாது, அவர்களுடைய கண் நாட்டு விளக்கின் ஒளிக்குப் பழகியது என்ற கருத்தைச் சொன்னது. பாடம் எடுப்பவனாக எனக்கு இதில் பாதிதான் சம்மதம். லாந்தர் வெளிச்சத்தில் மாலை முழுக்க இருந்த கண், அந்த நேரத்தில் நகரத்துக் கண்ணைவிட நன்றாகப் பழகியிருக்கும், சரி. ஆனால் அது அரைமணி நேரத்துச் சங்கதி, வளர்ப்பில் வருவதல்ல. நகரத்தாரையும் அதே திண்ணையில் அரைமணி உட்கார வைத்தால் அதே பார்வை வந்துவிடும். கிராமத்துச் சாட்சியை நம்பலாம் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது: சின்ன ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள்.

அந்தக் காரணத்துக்கு வலுவான ஆதாரமும் உண்டு. 1999-இல் மைக் பர்ட்டன் குழுவினர் மங்கலான கண்காணிப்புக் கேமரா காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அதில் வந்த ஆசிரியர்களிடம் படித்த மாணவர்கள் அவர்களை அநாயாசமாகக் கண்டுகொண்டார்கள். அவர்களை அறியாத மாணவர்கள் தடுமாறினார்கள். அடையாளம் காண்பதில் அனுபவமுள்ள போலீஸ்காரர்களும் அறியாத மாணவர்களைப் போலவே தடுமாறினார்கள். தெரிந்தவர்களை மாணவர்கள் நடையையும் உடல்வாகையும் வைத்துப் பிடித்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அவற்றை மறைத்தபோது அதிகம் குறையவில்லை, முகத்தை மறைத்தபோதுதான் விழுந்தது. அவ்வளவு மங்கலிலும் முகம்தான் வேலை செய்திருக்கிறது. கேமரா மங்கலும் நிலவின் மங்கலும் ஒன்றல்ல என்பதால் இதை அப்படியே ராத்திரிக்கு எடுத்துப்போக எனக்குத் தயக்கம் உண்டு. உண்மையான இருட்டில் நடையும் குரலும் உதவியிருக்கலாம், உதவியது தெரியாமலே சாட்சி "முகத்தைப் பார்த்தேன்" என்று மனதார நம்பிச் சொல்லவும் கூடும்.

நிலா என்றதும் வக்கீல்கள் சொல்லும் கதை ஆப்ரகாம் லிங்கனுடையது. 1858-இல் இல்லினாய் மாநிலத்தின் பியர்ட்ஸ்டவுனில் ஒரு கொலை வழக்கு. நிலவு நன்றாகக் காய்ந்தது, அடித்ததைப் பார்த்தேன் என்றார் சாட்சி. லிங்கன் பஞ்சாங்கத்தை வரவழைத்து, அந்த நேரத்தில் நிலா அடிவானத்தை நெருங்கி மறையப்போகும் நிலையில் இருந்ததைக் காட்டினார். அவருடைய கட்சிக்காரர் விடுதலையானார். நம் வீட்டு நாள்காட்டியிலேயே திதி இருக்கிறது, பார்ப்பது எளிது. ஆனால் பலர் இதில் ஒரு தவறு செய்கிறார்கள். அஷ்டமி நிலா பாதி வட்டம் என்பதால் பௌர்ணமியில் பாதி வெளிச்சம் தரும் என்று நினைப்பார்கள். அது தருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சாய்ந்து விழும் வெயிலில் நிலாப் பரப்பின் மேடுபள்ளங்கள் தம்மீதே நிழல் போட்டுக்கொள்வது அதற்கு ஒரு பெரிய காரணம். நிலா தாழ்ந்திருந்தால் இன்னும் குறையும், தென்னந்தோப்புக்குள் என்றால் சொல்லவே வேண்டாம்.

இந்த ஆய்வுகளின் எல்லையையும் சொல்லவேண்டும். பெரும்பாலானவை புகைப்படங்களை வைத்து, அமைதியான அறையில், மேற்கத்திய முகங்களைக் கொண்டு நடந்தவை. அசையும் முகம், பயத்தில் அடித்துக்கொள்ளும் நெஞ்சு, கையில் மின்னும் அரிவாள், ஆறு மாதம் கழித்து நடக்கும் அடையாள அணிவகுப்பு எதுவும் அவற்றில் இல்லை. இவற்றில் பல அடையாளத்தைக் கெடுக்கக்கூடியவை, வெளிச்சம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்கூட. மேலும் ஆய்வுகள் தருவது சராசரி. ஒரு குறிப்பிட்ட சாட்சி சரியா தவறா என்று எந்த ஆய்வும் சொல்லாது.

ஆக, "நிலவில் பார்த்தேன்" என்பதை மட்டும் வைத்து நான் சாட்சியைத் தள்ளவும் மாட்டேன், ஏற்கவும் மாட்டேன். அன்று என்ன திதி, நிலா எந்தப் பக்கம், ஆள் எத்தனை அடி தூரம், எவ்வளவு நேரம், சாட்சி எரியும் விளக்கடியிலிருந்து வந்தாரா என்றெல்லாம் கேட்பேன். பத்தடி தூரத்தில் நின்ற பங்காளியைப் பௌர்ணமியில் தெரிந்துகொண்டேன் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. அதே பத்தடியில், அதே நிலவில், அதற்குமுன் பார்த்தே இராத ஒருவரை அணிவகுப்பில் கைகாட்டினார் என்றால், அவர் எவ்வளவு அழுத்தந்திருத்தமாகச் சொன்னாலும் வேறு ஆதாரம் இருக்கிறதா என்றுதான் தேடுவேன். நீங்கள் படித்த செய்தியில் சாட்சியும் அந்த ஆளும் ஒரே ஊர்க்காரர்களா, முன்பின் அறியாதவர்களா? கேள்வியில் நீங்கள் அதை எழுதவில்லை. செய்தித்தாள் கையில் இருந்தால் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.